கார்டு மெஷின் கட்டணம்: ஞாயிறு கூட்டம்

கடைவீதி உறவுகளுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குச் சங்க அலுவலகத்தில் கூடுகிறோம். கார்டு மெஷினுக்கு வங்கி பிடிக்கும் கட்டணம் (எம்டிஆர்) பற்றித்தான் பேச்சு. என் கடையில் டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டு விகிதத்தையே போட்டு மாதக்கணக்கில் பிடித்திருக்கிறார்கள். ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கும் இப்படி நடக்கக் கூடாது.

தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. ரூபே டெபிட் கார்டு, வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ: 2020 ஜனவரி முதல் எம்டிஆர் கிடையாது.
2. மற்ற டெபிட் கார்டு: ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மெஷினில் அதிகபட்சம் 0.40%, அதற்கு மேல் 0.90%. இது ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு.
3. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை, அதனால் பேரம் பேசலாம். 2% என்றால் 10,000 ரூபாய் பில்லில் 200 போகும், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 36. இதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. நம் மெஷின் வங்கி தன் பங்கில்தான் குறைக்க முடியும். ஆனாலும் சேர்ந்து கேட்டால் பலம் அதிகம்.

செய்ய வேண்டியவை:

1. கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட் கொண்டு வாருங்கள்.
2. மெஷின் வாடகையைத் தனியாகக் குறித்து வையுங்கள்.
3. கட்டணத்தின் மேல் பிடிக்கும் ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்வது) எடுக்கிறோமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.
4. டெபிட் கார்டுக்கு வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்காதீர்கள். அதற்கு அனுமதி இல்லை.

வருபவர்கள் வெள்ளிக்குள் ‘வருகிறேன்’ என்று கடைப் பெயரோடு பதில் போடுங்கள். வர முடியாதவர்கள் தங்கள் விகிதத்தை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

– செயலாளர்