அம்மாவின் போனில் உன் சுகர்

அன்புள்ள பாப்பா,

செவ்வாய்க்கிழமை ராத்திரி மூன்று மணிக்கு ஏழு தடவை போன் அடித்து உன்னை எழுப்பினேன். உன் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் உன் சுகரை அளந்து என் போனுக்கும் அனுப்புகிறதே, அதில் 58, ரொம்பக் குறைவு என்று சிவப்பாகக் காட்டியது. நீ விரலில் குத்திப் பார்த்தால் 104. சென்சார் ஒட்டிய இடது கை மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாய். கை அழுந்தினால் சென்சார் பொய்யாக லோ, அதாவது சுகர் குறைவு என்று காட்டும் என டாக்டர் முன்பே சொன்னதுதான். அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. "என்னை நம்பவே மாட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

நம்பாமல் இல்லைம்மா. உனக்கு ஒன்பது வயசில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாய், ராத்திரி பாயை நனைத்தாய். வெயில் சூடு என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள், நானும் நம்பி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், உனக்குச் சுகர் என்று தெரிந்தது. அந்தப் பயம் இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் உன் விரல் ஓரத்தில் குத்துவேன். நடுவில் குத்தினால் வலி அதிகம். நீ கண்ணைத் திறக்காமலேயே விரலை நீட்டுவாய். 110 என்று வரும். ஆனால் அது ஏறுகிற 110-ஆ, இறங்குகிற 110-ஆ என்று அந்த ஒரு சொட்டு ரத்தம் சொல்லாது. சுகர் இறங்கி உன் நெற்றியில் வேர்க்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி விடியும் வரை உட்கார்ந்திருப்பேன்.

நீ காலேஜில் இருந்தபோது சென்சார் போட்டோம். போனில் உன் சுகர் ஏறி இறங்குவதைக் காட்டிய அந்த முதல் வாரத்துக் கோட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பல விஷயம் புரிந்தது. இட்லி சாப்பிட்டால் சட்டென்று ஏறி இறங்குகிறது. நெய் விட்ட வெண்பொங்கல் மெதுவாக ஏறி, நாலு மணி நேரம் ஆனாலும் இறங்காமல் நிற்கிறது. பொங்கலுக்கும் இட்லிக்கும் ஒரே மாதிரி இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, மத்தியானம் 280 இருந்தால் "ஸ்கூலில் யாரிடமோ வாங்கித் தின்றிருக்கிறாய்" என்று உன்னை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இல்லை இல்லை என்று அழுதாய். நீ சொன்னது நிஜம். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

இனி என் போனில் 55-க்குக் கீழே போனால் மட்டும் அலாரம் அடிக்கும். நேற்று தம்பியை வைத்து மாற்றிவிட்டேன். மற்ற நேரத்துக் கோடு உன்னுடையது. 220 என்று பார்த்துவிட்டு "என்ன சாப்பிட்டாய்" என்று ஆபீஸ் நேரத்தில் இனி கேட்க மாட்டேன்.

உன் போனில் 70-க்கு வைத்திருக்கும் அலாரத்தை மட்டும் எந்த மீட்டிங்குக்காகவும் அணைக்காதே. சென்சார் தோலுக்கடியில் இருக்கும் நீரில்தான் அளக்கிறது, ரத்தத்தில் இல்லை. அதனால் சுகர் வேகமாக இறங்கும்போது சில நிமிஷம் பின்தங்கியே காட்டும். போனில் 90 இருந்தாலும் கை நடுங்கினால் உன் கையை நம்பு, விரலில் குத்திப் பார். லோ ஆனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் பொறு. போனில் உடனே ஏறவில்லையே என்று மேலும் மேலும் குடித்தால் அப்புறம் 300-க்குப் போய் நிற்கும்.

ரூமில் கூட இருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டாயா? வெட்கப்படாதே. நீ மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-க்கு அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

அப்பா அனுப்பும் பார்சலில் நாலு டப்பா குளுக்கோஸ் வைத்திருக்கிறேன். ஒன்று தலையணைப் பக்கம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமையோடு இந்தச் சென்சாருக்குப் பதினாலு நாள் முடிகிறது. அடுத்ததை வலது கையில் போடு, நீ சின்ன வயசிலிருந்தே இடது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பாய்.

அம்மா