ஒரு கேட்டுக்கு நாலு பேர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கட்டடத்துக்கு செக்யூரிட்டி ஆள் எடுக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகச் சொன்னாய். "வருகிறவரிடம் என்னப்பா பார்க்கணும், நீங்கள்தானே 26 வருஷம் கேட்டில் நின்றவர்" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என்னை எடுத்தவர்கள் உயரத்தை அளந்தார்கள், மீசையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். போனை வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

உயரத்தை விடு. ஒரு தாளைக் கொடுத்து, வாசலில் இப்போது பார்த்ததை நாலு வரி எழுதச் சொல். "சந்தேகப்படும்படி ஒரு ஆள் வந்தான்" என்று எழுதுகிறவர் இன்னும் பழக வேண்டும். "2.40க்கு நீலச் சட்டை, இடது தோளில் பை, பெயர் கேட்டதும் திரும்பிப் போய்விட்டான்" என்று எழுதுகிறவரை விட்டுவிடாதே. ஏதாவது களவு போனால் போலீஸ் முதலில் புரட்டுவது கேட்டில் இப்படி எழுதி வைக்கும் ரெஜிஸ்டரைத்தான். கரண்டில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைத்தான் எடுக்கணும் என்று தெரிகிறதா என்றும் கேள். தெரியாவிட்டால் சொல்லிக்கொடு, அதற்காகத் திருப்பி அனுப்பாதே.

சட்டையை மாட்டியதும் தன்னைப் போலீஸ் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் வருவார்கள். (முதல் வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன்.) பெரும்பாலான நாடுகளில் காவலாளிக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ளதை விடப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. கை ஓங்குகிறவர் வேண்டாம், பேசிச் சமாளிக்கிறவர் போதும்.

சரி, இதெல்லாம் வருகிறவரிடம் பார்க்க வேண்டியது. நீ பார்க்க வேண்டியது ஒரு கணக்கு. ஒரு கேட்டை இரவும் பகலும் பார்க்க வாரத்துக்கு 168 மணி நேரம். 2 பேரை வைத்து ஓட்டினால் தலைக்கு 84. ஆலைத் தொழிலாளிக்கு நாளைக்கு 8, வாரத்துக்கு 48 என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919லேயே உடன்படிக்கை போட்டுவிட்டது என்று சங்கத்தில் சொல்வார்கள். அந்த 48ஐ வைத்து வகுத்துப் பார், மூன்றரை ஆள் வரும். லீவு, காய்ச்சல், கல்யாணம், சாவு எல்லாம் சேர்த்தால் 4. ஏஜென்சிக்காரர் 2 பேர் போதும் என்பார், மேலே இருப்பவர்களுக்கும் அதுதான் இனிக்கும்.

இரண்டு பேர் இருந்த இடத்தில்தான் எனக்கு அது நடந்தது. ராத்திரி 8 மணிக்கு ஏறினேன். காலையில் ரிலீவர் வரவில்லை. சூப்பர்வைசர் "கொஞ்சம் பாருங்க அண்ணே" என்றார். பகல் போனது, மறுபடி என் டூட்டியே வந்துவிட்டது. நடுராத்திரி தாண்டி 2 மணிக்கு கேட் தூணில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். லாரி ஹாரன் அடித்தது. சீட்டு வாங்காமல் கதவைத் திறந்துவிட்டேன். போன சரக்குக்கு என் சம்பளத்தில் பிடித்தார்கள். வண்டி நம்பர், நேரம் எல்லாம் ரெஜிஸ்டரில் ஒழுங்காக எழுதியிருந்தேன். அது எனக்கு 30வது மணி நேரம் என்று எழுத அதில் கட்டம் இல்லை. உன் ரெஜிஸ்டரில் டூட்டி ஏறிய நேரம், இறங்கிய நேரம் இரண்டுக்கும் இடம் விடு.

ராத்திரி ஷிப்டு ஆளுக்கு 3 மணியிலிருந்து 5 வரைதான் கண்டம். அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் போட்டுவிடு, நடந்தால் தூக்கம் கொஞ்சம் விலகும். பாத்ரூம் போகிற ஐந்து நிமிஷத்துக்குக் கேட்டில் யார் நிற்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்.

அப்புறம், ஒரு நாற்காலி. சின்ன வயதில் என் கெண்டைக்காலைத் தொட்டு, "இது ஏன்ப்பா புழு மாதிரி நெளியுது" என்று கேட்பாய். நரம்பு சுருண்டுவிட்டது, நின்று நின்றே வந்தது என்று டாக்டர் சொன்னார். அந்த இடத்தில் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள், உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமாம்.

எத்தனை பேருக்கு ஒப்புக்கொண்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிச் சொல்.

அப்பா