ஒரே எண்ணுக்கு மூன்று பாடவேளை: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பின் கணக்குப் பாடவேளைகள் மூன்றை 4294967297 என்ற ஒரே எண்ணுக்குச் செலவிட்டது ஏன் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நோட்டைத் திறந்தால் அந்த எண்ணும் அதன் கீழே மீதியோடு நின்றுபோன வகுத்தல்களும் மட்டுமே தெரியும்போது அந்தக் கேள்வி எழத்தான் செய்யும்.

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்று படிக்க வேண்டிய இந்த எண், 65536-இன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டக் கிடைப்பது. 3-இல் தொடங்கி, ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, மீண்டும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் 5, 17, 257, 65537 என்று வரிசை வளர்கிறது. இவை ஐந்தும் பகா எண்கள், அதாவது 1-ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. ஆகவே அடுத்து வரும் 4294967297-உம் பகா எண்ணாகவே இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். முதல் நாள் நம் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒருமனதாக அப்படியே சொன்னார்கள். விடை தெரியாமல் அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன்.

பிறகு வகுத்துப் பார்த்தார்கள். இலக்கங்களின் கூடுதல் 59 என்பதால் 3-ஆல் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் மீதி 5, 13-ஆல் வகுத்தால் மீதி 10. இப்படியே போய் இது பகா எண்தான் என்று உறுதி செய்ய வேண்டுமானால், 65536-க்குள் இருக்கும் 6542 பகா எண்களையும் சோதித்தாக வேண்டும். ஆனால் இந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பது அவர் நிறுவிய விதி. அதன்படி 193, 257, 449, 577 ஆகியவற்றைத் தாண்டினால் ஐந்தாவதாகவே 641 வந்துவிடுகிறது. விதி தெரியாமல் 2, 3, 5 என்று வரிசையாகப் போகிறவருக்கு அது 116-ஆவது பகா எண்.

இந்த வார இறுதியில் 641-ஆல் வகுக்கும் கணக்கைக் கையால் செய்துவரச் சொல்லியிருக்கிறோம். கால்குலேட்டரை நீட்ட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். 4294-இல் 641 ஆறு முறை போக மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489, அதில் ஏழு முறை போக மீதி 2. அடுத்து வரும் 26-இலும் 267-இலும் 641 அடங்காது. அந்த இரண்டு இடங்களிலும் ஈவில் பூச்சியம் போட மறந்து 67417 என்று முடிப்பவர்களே மிகுதி. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், சரியான ஈவு 6700417. அதுவும் ஒரு பகா எண்தான். தவறாக வந்திருந்தால் இடத்தைச் சுட்டிக்காட்டாமல், ஈவை 641-ஆல் பெருக்கிப் பார்க்க மட்டும் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்பினால் போதும். அடித்துத் திருத்திய பக்கங்களைக் கிழித்துவிட வேண்டாம். அவற்றைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்