கயலுக்கு, டிசம்பருக்கு முன்னால்

அன்புள்ள கயல்,

ஏதென்ஸிலிருந்து நீ அனுப்பிய, அந்த எக்ஸார்கியா பேட்டையின் படங்கள் வந்தன. எல்லாம் சுவர்தான். ஷட்டர், கதவு, மாடிப்படி என்று ஒன்று விடாமல் கிறுக்கல், போஸ்டர் மேல் போஸ்டர். ஒரு முகம்கூட இல்லை. உன் முகமும் இல்லை. வீடியோ காலும் இப்போது வேண்டாம் என்கிறாய். அங்கே ஆட்களைப் படம் எடுத்தால் சண்டைக்கு வருவார்கள், படம் போலீஸ் கைக்குப் போய்விடும் என்று பயம் என்றாய். நியாயம்தானே? கேட்டுவிட்டு எடு. கேமரா ரிப்பேரில் இருக்கிறதாமே. எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை.

நவரினு பூங்கா படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். கார் நிறுத்தும் இடத்தின் தாரைப் பெயர்த்து, 2009-இல் அக்கம்பக்கத்தாரே மரம் வைத்தார்கள் என்று அத்தையிடம் சொன்னேன். "இதற்கா எம்.எஸ்சி. படித்தாள்?" என்றாள். என் பெண் எடுத்த படம், பேசாமல் பாருங்கள் என்றேன். தெருவோரத்துக் கசப்பு ஆரஞ்சில் ஊறுகாய் போடலாமா என்று கேட்டிருந்தேனே, அதற்கும் பதில் இல்லை.

எக்ஸார்கியா சதுக்கத்தில் 2022-இல் தகரம் அடித்து மெட்ரோ வேலை தொடங்கியதையும், போலீஸ் காவலையும் அப்பாவிடம் சொன்னேன். "ரயில் வந்தால் நல்லதுதானே?" என்றார். மரம் போகும், வாடகை ஏறும், இருக்கிறவர்கள் கிளம்ப வேண்டியதுதான் என்று நீ சொன்னதையே சொன்னேன். பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

டிசம்பர் 6 வருகிறது. நீ சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். 2008-இல் அலெக்ஸாண்ட்ரோஸ் கிரிகோரோபூலோஸை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்ற நாள். வயது 15. அவன் விழுந்த முனையில் இருக்கும் நினைவுப் பலகையையும் எடுத்திருக்கிறாய். அதை மட்டும் அப்பாவிடம் காட்டவில்லை. வருடா வருடம் அன்றைக்கு ஊர்வலம், கல், கண்ணீர்ப்புகை. நீ போவாய். சின்ன மாமாவை யாரால் நிறுத்த முடிந்தது?

சரி, போனால் தனியாகப் போகாதே. முட்டுச்சந்தில் ஒதுங்காதே. கண் எரிந்தால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவு. யாரை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடு.

7-ஆம் தேதி காலையில் போன் பண்ணு. அப்பாதான் எடுப்பார். உடனே வைத்துவிடாதே.

அம்மா