தரங்கம்பாடி ஆலயத்தின் பாட்டையும் மராமத்துக் கணக்கில் சேருங்கள்

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராயர் அவர்களுக்கும், ஆலோசனைச் சங்கத்தாருக்கும், தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயச் சபையாருக்கும்,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள்.

தரங்கம்பாடி ராஜ வீதி ஆலயத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் சுவர், கூரை, சுண்ணாம்பு, நன்கொடை என்று அதிலேயே முடிந்துவிடுகிறது. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்புக் காற்றில் 300 ஆண்டு தாண்டி நிற்கும் கட்டடத்துக்கு மராமத்து ஓயாது. அந்தக் கணக்கில் பாட்டுக்கென்றும் ஒரு வரி வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆலயம் ஒருமுறை கடலிடம் தோற்று மறுபடி எழுந்தது. டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலை 9இல் கரையிறங்கிய ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூச்சோவும் அடுத்த ஆண்டே தமிழ்ச் சபைக்கென்று ஒரு சிறிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார்கள். அது கடலால் சேதமானது. சபையும் அதற்குள் பெருகியிருந்தது. 1717இல் புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டு, 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டை செய்தார்கள். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை கிரீடத்தோடு இன்றும் இருக்கிறது. தான் கட்டிய ஆலயத்தில் சீகன்பால்கு ஊழியம் செய்தது நாலரை மாதம்கூட முழுதாக இல்லை. 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில் இறந்து, அதே ஆலயத்தின் பீடத்தருகே அடக்கமானார். அடுத்த ஆண்டு இறந்த அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லரும் அங்கேதான் இருக்கிறார்.

கட்டடம் சிலுவை வடிவம். நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே அளவு. எந்தக் கையில் உட்கார்ந்திருப்பவரும் நடுவிலிருந்து வெகுதூரம் போய்விடுவதில்லை. பிரசங்கத்தையும் பாட்டையும் காதால் கேட்டே விசுவாசத்தில் வளர்ந்த சபைக்குப் பொருத்தமான அமைப்பு. உள்ளே சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார்ந்த காலமும் இருந்தது. அந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி பாட்டுக்கு வருகிறேன். தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆண்டுகளிலேயே, ஐரோப்பிய மெட்டில் தமிழில் பாடும் ஞானப்பாட்டுப் புத்தகமும் அங்கே அச்சானது என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தியில் ஊறியவர்கள் தங்கள் மெட்டுகளையும் கொண்டுவந்து தமிழ்ச் சொற்களோடு சேர்த்தார்கள். அது சுலபமான வேலை அல்ல. ஜெர்மன் மெட்டு பெரும்பாலும் அசைக்கு ஒரு சுரம் என்று நடக்கும். அந்த மொழிக்கு அழுத்தம் எங்கே விழுகிறது என்பது கணக்கு, தமிழுக்குக் குறிலா நெடிலா என்பது கணக்கு. குறில் போய் நீண்ட சுரத்தில் மாட்டிக்கொண்டால் பாடுகிறவருக்கே பொருள் நழுவிவிடும். 1740இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, பிறகு சென்னையில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் இந்தச் சிக்கலோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார். நாம் பாடும் பழைய ஞானப்பாட்டுகளில் அவர் கை பட்டவை ஏராளம். டெல்டாச் சபைகளில் வயதான அம்மாமார் அவற்றைப் பாடும்போது கவனியுங்கள், ஜெர்மன் மெட்டிலும் ஒரு கமகம், சுரத்தை அசைத்துப் பாடும் நம் பாணி, வந்துவிடும். புத்தகத்தில் இல்லாத அந்த அசைவை நம் சபைதான் சேர்த்தது. எனக்கு அதுதான் இந்தப் பாட்டுகளின் ஆகப் பெரிய சொத்து.

அப்புறம் கீர்த்தனை, நம் ராகத்திலேயே பிறந்த கிறிஸ்தவப் பாட்டு. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துவந்தார். இறையியல் படிக்க சாஸ்திரியார் அனுப்பப்பட்டது தரங்கம்பாடிக்குத்தான். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராகதாளத்தோடு வேதத்தைப் பாடிய அந்தக் குரல் படித்து வளர்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. 1820களில் தஞ்சையில் புதிதாக வந்த மிஷனரிகள் ஆலயத்தில் தமிழ்ச் சங்கீதம் கூடாது என்றபோது சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். சாதியினரைக் கலந்து உட்காரவைத்ததையும் அதே மூச்சில் எதிர்த்தார். அதில் அவர் பக்கம் நியாயம் இல்லை, மிஷனரிகள் பக்கம்தான் இருந்தது. பாட்டு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது முழுக்கச் சரி. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாட்டுகளே அதற்கு ஆதாரமாக இருந்தன.

ஆக, ஞானப்பாட்டு, கீர்த்தனை இரண்டுக்கும் தரங்கம்பாடி உறவுக்கார ஊர். இன்று நம் சபைகள் பலவற்றில் இரண்டுமே மெலிந்து வருகின்றன. கீபோர்டில் ஒரு தாளத்தைத் தட்டிவிட்டு எல்லாப் பாட்டையும் அதற்குள் அடைக்கிறோம். புதுப் பாட்டு வேண்டாம் என்பது என் வாதம் அல்ல, இளையவர்கள் பாடட்டும். பழைய பாட்டின் நிலைமை வேறு. புத்தகத்தில் சொற்கள் இருக்கின்றன, கீர்த்தனைக்கு மேலே ராகமும் தாளமும்கூடக் குறித்திருக்கும். நம் சபையார் எப்படிப் பாடினார்கள் என்பது மனிதர்களிடம் மட்டும்தான் இருக்கிறது, அவர்களுக்கு எண்பது வயது ஆகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஊரின் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற எத்தனையோ பேர் முன்வந்தார்கள். இதற்கு நாம்தான் முன்வர வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. முதலில் பதிவு. தஞ்சை, மயிலாடுதுறை, நாகைப் பக்கத்துச் சபைகளில் பழைய மெட்டு தெரிந்த உபதேசியார்கள், ஓய்வுபெற்ற ஐயர்மார் (போதகர்கள்), பாடகர் குழுவில் இருந்த அம்மாமார் ஆகியோரைப் பாடச் சொல்லி நல்ல ஒலிவாங்கியில் பதிய வேண்டும். சென்னை குருகுல் இறையியல் கல்லூரி மாணவர்களை இதில் இறக்கினால் அவர்களுக்கும் பாடம், நமக்கும் வேலை முடியும். ஞானப்பாட்டை மேற்கத்திய சுரக்குறிப்பிலும் கீர்த்தனையை சரிகமவிலும் எழுதி வைக்க அவர்களுக்கு ஒரு ஆசிரியரை அமர்த்துங்கள்.

அடுத்தது, மாதத்தில் ஒரு ஞாயிறு புதிய எருசலேம் ஆலயத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் ஆராதனைப் பாட்டு. சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள ஆலயத்தில் குரல் சற்று நேரம் தங்கும். ஸ்பீக்கர் வைத்து அலறவிட்டால் சொல் கலங்கிப்போகும். நிதானமாகப் பாடினால் போதும், கட்டடமே தாங்கிக்கொள்ளும்.

சீகன்பால்குவின் நினைவுக்காக வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் இங்கே வருகிறார்கள். கல்வெட்டைப் படம் பிடித்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சபைப் பிள்ளைகள் ஒரு ஞானப்பாட்டும் ஒரு கீர்த்தனையும் பாடிக் காட்டலாம். அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும். இலவச ஊழியமாக விட்டால் ஆறு மாதத்தில் நின்றுவிடும்.

வரும் அக்டோபர் 11 ஆலயப் பிரதிஷ்டை நாளுக்குள் பதிவு வேலைக்கு ஒரு குழுவை நியமித்து, அதன் விவரத்தைச் சபைகளுக்கு அறிவிக்கும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் பாடத் தெரிந்த பெரியவர்களின் பட்டியலைத் தயாரித்து அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
டெல்டாச் சபை ஒன்றின் பாடகர் குழு உறுப்பினர்