வீங்கிய கால் வேறு, வீங்கிய முகம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிப் பெண் எந்த உபாதையைச் சொன்னாலும் ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று பதில் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். பாதி நேரம் அது சரிதான். மீதி நேரம் அந்தப் பதிலாலேயே கிளினிக்குக்குப் போவது தள்ளிப்போகிறது.

மசக்கை ஆறாவது வாரவாக்கில் தொடங்கி, பெரும்பாலோருக்கு 16ஆவது வாரத்துக்குள் அடங்கிவிடும். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியாகி, சிறுநீர் குறைந்து நிறம் கறுத்தால் மட்டும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் ஹார்மோன் தசைகளைத் தளர்த்துவதால் வருபவை, தொல்லைதான், ஆபத்தில்லை.

ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதில் நீர்ப்பகுதி சிவப்பணுக்களை முந்திக்கொண்டு பெருகுவதால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கும். 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் எண் ஏறாதவர்களை விசாரித்தால், காலைச் சாப்பாட்டுக்குப் பின் தே தாரிக்கோடு மாத்திரையை விழுங்கியிருப்பார்கள். தேநீரும் காப்பியும் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. பாலும் கால்சியம் மாத்திரையும் அப்படியே. இவற்றுக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆரஞ்சுச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி வீக்கம். சாயங்காலம் கணுக்கால் வீங்கி, படுத்து எழுந்ததும் வற்றினால் கவலையில்லை. காலையிலேயே முகம் ஊதியிருக்கிறது, மோதிரம் கழற்ற வரவில்லை என்றால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதம் தாண்டியபின் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள், ‘பிரீஎக்லாம்ப்சியா’ என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோயா என்று அறிவதற்காக. பனடோல் போட்டும் விடாத தலைவலி, கண் முன் மின்னல் போலத் தெரிவது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி ஆகியவையும் இதே நோயின் அறிகுறிகள். அந்த வலியை ‘காற்று’ என்று எண்ணெய் தேய்த்து விடிய வைப்பது நம்மிடம் உள்ள மோசமான பழக்கம். வலிப்பு வரை போகக்கூடிய நோய் இது. ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

அரிப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வயிற்றுத் தோல் விரிவதால் வயிறு அரிக்கும். அதற்குத் தேங்காய் எண்ணெய் போதும். கடைசி மூன்று மாதங்களில், தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால் அது கல்லீரல் தொடர்பானதாக இருக்கலாம். இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இது கூடுதலாகவே வருகிறது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கவனிக்காவிட்டால் குழந்தைக்கு ஆபத்து.

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை வருகிறது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கத் தொடங்கும் காலம் அது. முதல் நாள் இரவிலிருந்து எட்டு மணி நேரமாவது பட்டினி இருந்து ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். இடையில் சாப்பிடக் கூடாது, நடந்து திரியக் கூடாது. வாந்தியெடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டும். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8 (mmol/L கணக்கில்): இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகாலச் சர்க்கரை. ஏழாம் மாத வளைகாப்பு இதை ஒட்டியே வருவதுதான் வேடிக்கை. சடங்கை விடச் சொல்லவில்லை; பரிசோதனையை முடித்துவிட்டு நாள் குறியுங்கள். முடிவு சரியில்லை என்றால் சர்க்கரைப் பொங்கலும் கேசரியும் விருந்தினருக்கு மட்டும். ‘ரெண்டு பேருக்குச் சாப்பிடு’ என்ற உபசாரமும் வேண்டாம். நடு மூன்று மாதங்களில் தேவைப்படும் கூடுதல் உணவு சுமார் 300 கலோரிதான். இரண்டு இட்லியும் ஒரு குவளைப் பாலும் போதும்.

28 வாரத்திலிருந்து, வயிற்றில் குழந்தை அசைவதைக் குறித்துவைக்கக் கிளினிக்கில் கொடுக்கும் அட்டையைக் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி நிரப்ப வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து அசைவு வராவிட்டால் உடனே போகவும். வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்துவிட்டால் ஒன்பது மணிவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

மனநிலை விஷயத்தில்தான் ‘அப்படித்தான்’ மிக அதிகமாகப் புழங்குகிறது. தொடக்கத்தில் எரிச்சல், காரணமில்லாத அழுகை, கடைசி மாதங்களில் பிரசவப் பயம் எல்லாம் வந்து போகும். இரண்டு வாரம் விடாமல் மனம் சோர்ந்திருப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராதது வேறு கதை. இது கர்ப்பத்திலேயே தொடங்கலாம். பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம், நான்காம் நாள் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே போய்விட வேண்டும். போகாவிட்டால் பத்தியத்தைக் கூட்டிப் பயனில்லை, தாதியிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கோ தைராய்டுக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரே அளவை மாற்றித் தருவார். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அவளைத் தனியே விடாமல், அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள் அல்லது 999ஐ அழையுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

கர்ப்பத்தின் ஆபத்து அளவைக் காட்டக் கிளினிக் பதிவேட்டில் ஒட்டும் நிறத்தைக் கணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையும் பச்சையும் கிளினிக்கிலேயே பார்ப்பது. மஞ்சள் என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சிவப்பு என்றால் நேரே மருத்துவமனைதான், வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருகிறேன் என்று கிளம்பக் கூடாது. துணியைப் பிறகு யாராவது கொண்டுவரலாம்.

ஓய்வுபெற்ற சமூகச் சுகாதாரத் தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு