வெயிலும் கோழிப்பண்ணை அம்மோனியாவும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்றறிந்ததில் மகிழ்ச்சி. நாமக்கல் பண்ணையில் புதிதாகக் கட்டும் மூடிய கொட்டகைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு (வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் வினையூக்கியாகும் வெள்ளைப் பொடி) பூசினால், எருவிலிருந்து எழும் அம்மோனியா வாயுவை வெயிலே அழித்துவிடுமா என்று கேட்டிருந்தாய். வேதியியல் சரிதான், ஆனால் கணக்கு உதைக்கிறது.

கொட்டகைக் காற்றில் அம்மோனியா 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 மில்லிகிராம் அம்மோனியா. நொடிக்கு 1 கன மீட்டர் தள்ளும் விசிறி வழியே மணிக்கு 60 கிராம் போகும். டைட்டானியம் டை ஆக்சைடில் அனடேஸ் என்ற வகைப் பொடி 388 நானோமீட்டருக்குக் கீழுள்ள புற ஊதாக் கதிரை மட்டுமே பயன்படுத்தும். உச்சி வெயிலில் அது சதுர மீட்டருக்கு 30 வாட் என்று வைத்துக்கொள். நூறு ஃபோட்டானில் (ஒளித்துகளில்) ஒன்று பயன்பட்டால், ஒரு அம்மோனியா மூலக்கூற்றை நைட்ரஜனாக்க மூன்று தேவை என்பதால், ஒரு சதுர மீட்டர் மணிக்கு 0.02 கிராம்தான் அழிக்கும். ஆக, அந்த விசிறிக்கே 3,000 சதுர மீட்டர் பூச்சு வேண்டும். உன் 50 அங்குல விசிறி இதைப்போல் பத்து மடங்கு தள்ளும். இரவில் பூச்சுக்கு வேலையே இல்லை.

ஓரிரு பிபிஎம் மட்டும் தேங்கும் முட்டை அறைக்கு, வெயில் படும் சன்னலில் சோதித்துப் பார்க்கலாம். பெயின்ட் கடைப் பொடியை வாங்காதே. பெயின்ட் உதிராமலிருக்க அதன் மேல் சிலிக்கா, அலுமினா பூசி வினைத்திறனை அடக்கியிருப்பார்கள். பி25 போன்ற வினையூக்கிப் பொடி 5 கிராமை 100 மில்லி தண்ணீரில் சீராகக் கலக்கி, கண்ணாடித் தகட்டில் தெளித்து, உலர்த்தி, 450 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுடு. சாதாரணக் கண்ணாடியிலிருந்து சோடியம் பூச்சுக்குள் ஏறிக் கெடுக்கும், அதனால் முதலில் சிலிக்கா அடிப்பூச்சு கொடு. ஃபெவிகால் மாதிரிப் பசை சேர்த்தால் வினையூக்கி அதையே தின்று, பூச்சு மாவாக உதிரும்.

அந்தத் தகட்டின் மேல்மூடிக்குப் பாலிகார்பனேட் ஷீட் போட்டால் தேவையான கதிரை அதுவே தடுத்துவிடும். சாதாரணக் கண்ணாடி பெருமளவு உள்ளே விடும்.

சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பொடி இருட்டிலேயே அம்மோனியாவை ஒட்டவைத்துக்கொள்ளும். நுழையும் அளவும் வெளிவரும் அளவும் சமமாகும்வரை இருட்டில் ஓட்டிவிட்டுத்தான் வெயில் காட்ட வேண்டும். மலிவான சென்சார் ஈரப்பதத்துக்கும் அசையும். அதைவிட, அம்மோனியா பட்டால் நிறம் மாறும் கண்ணாடிக் குழாய் நல்லது.

நாளடைவில், அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் பூச்சின் மேற்பரப்பில் படிந்து வேகம் குறையும். தண்ணீரில் கழுவினால் திரும்பும். கழுவிய நீரில் நைட்ரேட்டை அளந்து பார், அம்மோனியா நைட்ரஜனாகத்தான் போயிற்றா என்பதற்கு அது ஒரு தடயம். நைட்ரஸ் ஆக்சைடாக மாறியிருந்தால் அது இன்னொரு மாசு, கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வெப்பம் சேர்ப்பது. இதைப் பார்க்காமல் ‘90 சதவீதம் நீங்கியது’ என்பவர்களை நம்பாதே.

விசிறிக் காற்றுக்கு அமிலக் கழுவிதான் (காற்றை அமில நீரால் கழுவும் கருவி) சரி. 60 கிராம் அம்மோனியாவுக்கு 175 கிராம் கந்தக அமிலம் போதும், கிடைக்கும் அம்மோனியம் சல்பேட் வயலுக்கு உரம். அதற்கும் முன்னால், கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகி எரு நனைகிறதா என்று பார். ஈரமான எருவில்தான் யூரிக் அமிலம் வேகமாக உடைந்து அம்மோனியாவாகிறது. எருவின் ஈரப்பதத்தை அளந்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சண்முகம்